தன்னிச்சையாக விளையாட இரண்டு நாள் முன்பே எழுதித் தரவும்

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கைக்குப் போகிற சாலையில், ஒரு பட்டுக்கடைக்காரரின் பழைய கிடங்கில் 'கூடு' என்று ஓர் இடம் நடக்கிறது. அதைப் பள்ளிக்கூடம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் உட்காரவைத்து நாற்பது நிமிடம் விளக்குவார்கள். அது பெற்றோர் கூட்டுறவு விளையாட்டு வெளி. அங்கே டீச்சர் கிடையாது. பெற்றோரே முறைவைத்து வந்து நிற்பார்கள், அவர்களுக்கு 'உடன்பயணி' என்று பெயர். பாடம் கிடையாது, பிரம்பு கிடையாது, 'கூடாது' என்ற சொல்லும் கிடையாது. குழந்தைகள் விளையாடி விளையாடியே எல்லாம் கற்றுக்கொள்வார்கள் என்பது கொள்கை. நல்ல கொள்கைதான், யார் இல்லை என்றது? பதினேழு குழந்தைகள், அவர்களுடைய விளையாட்டைக் கவனிக்க ஒன்பது குழுக்கள். விளையாட்டுதான் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

பிரவீனாவுக்கு இந்த இடம் வேண்டியிருந்தது. ஒரகடம் பக்கம் செல்போன் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. காலை ஆறு முதல் இரண்டு வரை ஷிப்ட். கம்பெனி பஸ் திரும்பி வந்து அவளை இறக்கிவிட மூன்று மணி ஆகிவிடும். புருஷன் ராமராஜன் லோடு வண்டி ஓட்டுகிறவன். ஒன்பதரை மணிக்குக் குழந்தையைக் கொண்டுபோய் விட்டானென்றால், அதற்குமேல் எந்த ஊரில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. மற்ற எல்.கே.ஜி.யெல்லாம் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடும். மூன்றரை மணி வரை வைத்துக்கொள்வது கூடு ஒன்றுதான். நாலு வயது அபிக்கு அங்கே இடம் போனால் பிரவீனாவுக்கு வேலை போகும், அவ்வளவுதான் விஷயம்.

இடம் கிடைத்த கதையும் சின்னதுதான். சென்னையில் ஓர் அறக்கட்டளை கூட்டுக்கு உதவி செய்கிறது. எல்லாத் தரப்புக் குடும்பங்களும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. கூட்டில் இருந்ததோ கடை முதலாளி, டாக்டர், வக்கீல், ஊரில் நிலமும் கட்சியில் பதவியும் வைத்திருப்பவர் என்று ஒரே தரப்பு. எங்கே போவது? முசரவாக்கம் காலனியில் பிறந்து, டவுனில் வாடகைக்கு இருந்த பிரவீனாவின் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'பன்மைக் குடும்பம்' என்று எழுதினார்கள்.

"அப்டின்னா இன்னா சார்?" என்று கேட்டாள் பிரவீனா.

"நீங்க எங்களுக்குக் கிடைச்ச பெருமைம்மா" என்றார் செயலாளர் பரசுராமன். கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் அவர். வாயை மூடினால் மூச்சு முட்டும்.

பிரவீனாவுக்குப் புதன்கிழமை வார லீவு. அன்றுதான் அவள் முறை. முதல் புதனன்று, கூட்டின் தலைவி மங்கையர்க்கரசியின் மகன் கீர்த்தி ஒரு பாசிமணியை எடுத்து மூக்குக்குள் திணித்துக்கொண்டிருந்தான். அவள் பாய்ந்து போய், "டேய், வேணாம்டா கண்ணு!" என்று பிடுங்கிப் போட்டாள். அங்கிருந்த மூன்று உடன்பயணிகளும், அவள் பிள்ளையை அறைந்துவிட்டதுபோல் பார்த்தார்கள்.

"வேணாம்னு சொல்லிட்டீங்களே" என்றார் பரசுராமன், மிகவும் வருத்தமாக.

"மூச்சு அடைச்சிக்கும் சார்."

"அதை அவன்தானே கண்டுபிடிக்கணும்? நீங்க அவன் கண் உயரத்துக்குக் குனிஞ்சு, 'இந்த மணி எங்க போகணும்னு ஆசைப்படுது?' அப்படின்னு கேட்டிருக்கணும்."

அடுத்த வாரம் இன்னொரு பிள்ளையின் மணி, தான் ஆசைப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் இடுக்கி போட்டு எடுத்தார்கள். கூட்டின் நோட்டில் அதற்கு எதிரே 'ஆய்வு மனப்பான்மை: சிறப்பு' என்று எழுதியிருந்தது.

முற்றத்தில் ஒரு மணல் தொட்டி உண்டு. லாரியில் மணல் வந்து ஏழு மாதம் ஆகிறது. மணலைத் தண்ணீரோடு கொடுப்பதா, தண்ணீர் இல்லாமல் கொடுப்பதா என்று மணல் உபகுழு இன்னும் முடிவு செய்யவில்லை. ஆகையால் மேலே நீலத் தார்ப்பாய் போட்டு, சுற்றி நாலு மூங்கில் கழி வைத்துத் தடுத்திருந்தார்கள். குழந்தைகள் அந்தக் கழியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று தார்ப்பாயைப் பார்க்கும். 'பொருளோடு மௌன உறவு' என்று அதையும் படம் எடுத்துப் போட்டார்கள்.

சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது: 'தன்னிச்சை விளையாட்டு கூட்டின் உயிர். தன்னிச்சையாக விளையாட விரும்பும் குழந்தைகளின் பெற்றோர், என்ன விளையாட்டு, எவ்வளவு நேரம் என்று இரண்டு நாள் முன்பே எழுதித் தரவும்.' பிரவீனா அதை இரண்டு தடவை படித்தாள். தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பாவம், புரிகிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் தோன்றும்.

குழு வேலைகளைச் சீட்டுப் போட்டுத்தான் பிரித்தார்கள். ஆனால் பகல் கூட்டங்களுக்கு வர முடியாதவர்களுக்குத் தனிச் சீட்டு. கூட்டில் பகல் கூட்டத்துக்கு வர முடியாதவள் பிரவீனா ஒருத்திதான். ஆக, தூய்மைக் குழுவுக்கு அவளே தலைவி, அவளே உறுப்பினர், அவளே துடைப்பம். புதன்கிழமை வந்தால் அவள் கூடத்தைப் பெருக்குவாள், கக்கூஸ் கழுவுவாள், மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து சமத்துவத்தைப் பற்றிப் பேசுவார்கள். காலைத் தூக்கிக்கொண்டு அவள் பெருக்க இடமும் கொடுப்பார்கள். அதில் குறை சொல்ல முடியாது. வீட்டில் ராமராஜன் ஒருநாள் கேட்டான், "இன்னா பிரவீ, அங்க போயும் அதே வேலையா?" அவள், "மூணரை வரைக்கும் வெச்சிக்கிறாங்கல்ல, வுடு" என்றாள்.

ஜூன் மாதம் வந்தது. வைகாசிக் கருட சேவை முடிந்த வாரம். அந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையும் அந்த வாரம் என்ன விளையாடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சந்துக்குச் சந்து கழியைக் கட்டி, பொம்மையை ஏற்றி, சாமி தூக்கும். புதன்கிழமை, உடன்பயணிகள் உள்ளே 'விளையாட்டின் நோக்கம்' பற்றி விவாதித்துக்கொண்டிருந்த நேரத்தில், அபி போய் மணல் தொட்டியைச் சுற்றியிருந்த கழிகளில் இரண்டை உருவினாள். ஒரு முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு, கயிற்றால் கட்டி, துணி யானையை மேலே வைத்தாள். தார்ப்பாயை இழுத்து வந்து குடையாக்கினாள். நாலு பேர் தூக்க, பத்துப் பேர் பின்னால் "கோவிந்தா! கோவிந்தா!" என்று கத்த, கூட்டில் முதன்முதலாக ஒரு விளையாட்டு நடந்தது.

அபி முன்னால் நடந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். வரிசையில் நிற்கச் சொல்லி, ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். பிறகு கோயிலில் பட்டர் சடாரி வைப்பாரே, அதேபோல் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒவ்வொரு தலையிலும் வைத்து எடுத்தாள். கீர்த்தி குனிந்து வாங்கிக்கொண்டு, "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று மறுபடி வரிசையில் போய் நின்றான்.

பிரவீனா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனசு நிறைந்துபோயிற்று. போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கவனிப்பு நோட்டில், 'பசங்க ரொம்ப சந்தோஷமா வெளாண்டாங்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

அன்று மாலைக்குள் அதில் நூற்று நாற்பது செய்திகள். தார்ப்பாயை யார் எடுக்கச் சொன்னது என்று மணல் உபகுழு கேட்டது. சாமி விளையாட்டு மதச்சார்பற்றதா என்று ஒருவர் கேட்டார். அப்புறம் யாரோ, 'யானை சரி. கிண்ணம் வைப்பது யார்?' என்று ஒரு வரி போட்டார். அதற்குமேல் யாரும் தார்ப்பாயைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த புதன் அவசரக் கூட்டம். தலைவி மங்கையர்க்கரசி நடுவில் உட்கார்ந்திருந்தாள். கிடங்கு அவள் வீட்டுக்காரருடையது, அந்த உரிமையில் அவள் கொஞ்சம் உயரமான மோடாவில் இருந்தாள்.

"நாங்க சாதி பார்க்கிற குடும்பம் இல்ல பிரவீனா" என்று ஆரம்பித்தாள். யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. "எங்களுக்கு நெய்து குடுக்கிறவங்க எல்லாச் சாதியிலயும் இருக்காங்க. கூடம் வரைக்கும் வருவாங்க. தண்ணி கேட்டா, அவங்களுக்குன்னு டம்ளரே வெச்சிருக்கோம். அவ்வளவு மரியாதை!"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பிரவீனாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இது சாதிப் பிரச்சினையே இல்லைம்மா" என்று பரசுராமன் எடுத்துக்கொண்டார். "இது கற்றல் பிரச்சினை. குழந்தை தன் அனுபவத்திலிருந்துதான் விளையாடணும். அப்பதான் அது உண்மையான விளையாட்டு. இப்ப அபி, சடாரி வைக்கிறதை எங்க பார்த்தா?"

"கோயில்ல சார். அவ தலையிலயே வெச்சாங்களே."

"அதைத்தான் சொல்றேன். வாங்கிக்கிட்ட அனுபவம் இருக்குது. வைக்கிற அனுபவம் எங்க இருக்குது?"

"சார், நாலு வயசுப் புள்ள. ராஜா வெளாட்டு வெளாடுனா ராஜா வூட்லயா பொறந்திருக்கணும்? உங்க பையன் காலைல வாசல்ல சிங்கமா வெளாண்டான். அவனுக்கு சிங்க அனுபவம் இருக்குதா?"

பதில் இல்லாதபோது அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் கண்ணை மூடி ஒரு நிமிடம் மூச்சை இழுத்து விடுவார்கள். இழுத்து விட்டார்கள். பிறகு டாக்டர் வீட்டு அம்மாள், "பிரவீனா ரொம்பக் கோபமா இருக்காங்க, அந்தக் கோபத்தை நாம மதிப்போம்" என்றாள். மதித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் கூடத்தை வைத்துக்கொண்டு, ஆடத் தெரிந்த பிள்ளையைக் கோணல் என்றார்கள்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிரவீனாவின் கை கணக்கில் சேரவில்லை. இனிமேல் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மூலை. அப்பா அம்மாவை என்ன வேலை செய்யும்போது அதிகம் பார்க்கிறதோ, அந்த வேலைதான் அந்தக் குழந்தையின் விளையாட்டு. கீர்த்திக்குக் கடை மூலை. கல்லாப் பெட்டி, துணி, முழக்கோல் எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள். டாக்டர் பிள்ளைக்கு ஸ்டெதஸ்கோப். பரசுராமன் பிள்ளைக்கு மைக்.

"அபிக்கு?" என்று கேட்டாள் பிரவீனா. "நான் கம்பெனில போர்டு மாட்டுறேன் சார். சின்னச் சின்ன ஸ்க்ரூ. அவளுக்கு அதுன்னா உசுரு."

"ஆனா அபி அதைக் கண்ணால பார்த்ததில்லையேம்மா. கம்பெனிக்குள்ள குழந்தைய விடமாட்டாங்களே" என்றார் பரசுராமன், நோட்டைப் புரட்டிக்கொண்டே. "எட்டு மாசக் கவனிப்புக் குறிப்பு இங்க இருக்குது. அபி தன் அம்மாவைப் பார்த்தது, புதன்கிழமை புதன்கிழமை, இங்க பெருக்கும்போதுதான். நாங்க எதையும் திணிக்கல. தரவு சொல்லுது."

இப்படி ஒரு அக்கிரமம் கேட்டதுண்டா? துடைப்பத்தைக் கையில் கொடுத்தது இவர்கள். எட்டு மாதம் அதை எழுதிவைத்துக்கொண்டதும் இவர்கள். அப்புறம் அந்த நோட்டையே காட்டி, உன் பிள்ளைக்கும் அதுதான் என்கிறார்கள். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்! ஆனால் பிரவீனா மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். 'ஒரு வருசம். ஒரே ஒரு வருசம். ஒண்ணாங்கிளாஸ் போய்ட்டா தீந்துது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

தூய்மை மூலையில் ஒரு குட்டித் துடைப்பம், ஒரு குட்டி முறம், ஒரு பக்கெட். எல்லாம் இயற்கைப் பொருள், பிளாஸ்டிக் இல்லை. அதற்கு ஒரு தனித் தீர்மானம்.

ஒரு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுச் சந்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கடை வைத்து விளையாடிக்கொண்டிருந்தன. "அபி, வாடி, நீதான் மொதலாளி" என்று கத்தின. போன வருஷமாக இருந்தால் கூப்பிடுவதற்கு முன்பே போய்க் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு வாசலிலேயே நின்றாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யம்மா, கடை என் மூலை இல்லியே. நான் பெருக்கிக்கினு இருக்கட்டா?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிரவீனாவின் கை அப்படியே நின்றது. விளையாட்டு வழியாகப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் என்று பரசுராமன் சொன்னது பொய்யே இல்லை. பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. எங்கள் பாட்டன் பூட்டனுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்ததை, என் பிள்ளைக்கு அடிக்காமல், அதட்டாமல், ஒரு 'கூடாது' கூடச் சொல்லாமல் ஒரே மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்களே பாவிகள் என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அறக்கட்டளைக்காரர்கள் வருவதாக இருந்தது. பிரவீனா லீவு சொன்னாள். அந்த மாதத்தில் அவளுக்கு மூன்றாவது லீவு. 'இன்னொண்ணு போட்டா கேட்ல வந்து கார்டைக் குடுத்துட்டுப் போம்மா' என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லியிருந்தான். தெரிந்துதான் போட்டாள்.

பத்து மணிக்கு அவள் போனபோது மூன்று விருந்தினர்கள் மாலையோடு நின்றுகொண்டிருந்தார்கள். மூலை மூலையாகக் காட்டிக்கொண்டு வந்த மங்கையர்க்கரசி, தூய்மை மூலைக்கு வந்ததும் அபியின் தலையைத் தடவினாள்.

"இவதான் எங்க பன்மைக் குழந்தை. எவ்வளவோ மூலை இருக்குது, பாருங்க. ஆனா இவளுக்கு இதுலதான் ஆர்வம். நாங்க யாரும் கட்டாயப்படுத்தல. சொல்லப்போனா இது அவங்க ரத்தத்துலயே ஊறின திறமை. அதை நாம கொச்சைப்படுத்தாம கொண்டாடணும்கிறதுதான் கூட்டோட தத்துவம்."

மூன்று பேரும் "அருமை" என்றார்கள். ஓர் அம்மாள் அபி பெருக்குவதைக் குனிந்து படம் எடுத்தாள். அபி, சொல்லிக் கொடுத்தபடி, படத்துக்குச் சிரித்தாள்.

"நிறுத்துங்கம்மா!" என்றாள் பிரவீனா.

கூடம் முழுக்கத் திரும்பியது.

"இன்னா ரத்தம்? யாரு ரத்தத்துல இன்னா ஊறுது? என் புள்ள இந்த எடத்துக்கு வரும்போது சாமி தூக்குச்சு, கடை வெச்சுது, டிரைவராச்சு, போலீசாச்சு. நீங்கதான் கையில தொடப்பத்தக் குடுத்து உக்கார வெச்சீங்க! பேசத் தெரியாதவனாயிருந்தா 'நீ ஒதுங்கி நில்லு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பான். நானும் செருப்ப கழட்டியிருப்பேன். நீங்க படிச்சவங்க. வட்டமா உக்காந்து, கண்ண மூடிக்கினு, மூச்சு வுட்டுக்கினு சொல்றீங்க. உங்க டம்ளரு மரியாதைய நீங்களே வெச்சிக்கோங்க. உங்க பெருமைக்கு என் புள்ளயக் காட்டாதீங்க. வெக்கமா இல்ல உங்களுக்கு? நாலு வயசும்மா அவளுக்கு. நாலு வயசு!"

அவள் போய் அபியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகு, பரசுராமன் கைதட்டினார்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். அந்த மனுஷன் ஒரு நொடி விருந்தினர்களைப் பார்த்தார், ஒரு நொடி பிரவீனாவைப் பார்த்தார், முகத்தைப் பூரிப்பாக்கிக்கொண்டு கைதட்டினார். "பிரமாதம்! பெற்றோரும் பாத்திரமேற்று விளையாடுறதுதான் எங்க முறையோட அடுத்த கட்டம். ஒடுக்கப்பட்ட தாயோட குரலை பிரவீனா எவ்வளவு தத்ரூபமாச் செஞ்சாங்க பாத்தீங்களா?" என்றார். மங்கையர்க்கரசி தட்டினாள். டாக்டர் வீட்டு அம்மாள் தட்டினாள். விருந்தினர்கள் மூன்று பேரும் மாலை கழுத்தில் ஆட ஆடத் தட்டினார்கள். படம் எடுத்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை செய்ய முடியுமா? வீடியோ எடுத்துக்கிறேன்" என்று கேட்டாள்.

இவர்களுக்குச் சொல்லப் பிரவீனாவிடம் இனி ஒரு சொல்லும் மிச்சமில்லை. அபியின் கையைப் பிடித்து விறுவிறுவென்று வெளியே நடந்தாள். கைதட்டல் வாசல் வரைக்கும் பின்னால் வந்தது. நாளையிலிருந்து பிள்ளையை எங்கே விடுவது, வேலை இருக்கிறதா போய்விட்டதா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் அபி நின்றாள்.

"யம்மா, இது வெளாட்டா, நெசமா?"

"நெசம்டி."

"நாளிக்கி வரமாட்டமா?"

"என்னிக்கும் வரமாட்டோம்."

அபி யோசித்தாள். மற்றக் கையில் இன்னும் அந்தக் குட்டித் துடைப்பம் இருந்தது. அவசரத்தில் பிரவீனா அதைக் கவனிக்கவே இல்லை.

"அப்பன்னா இத கீழ போட்றட்டா? கூட்டத்துல கேக்க வேணாமா?"

பிரவீனா ரோட்டிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். "வேணாம்டி, என் தங்கம். யாரையும் கேக்க வேணாம்."

அபி அதைக் கீழே போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குமேல் சுழற்றி, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, சாக்கடைக்கு அந்தப் பக்கம் போய் விழுகிற மாதிரி வீசி எறிந்தாள்.